எம். ஜே. கோபாலன்

செங்கற்பட்டு ஜில்லாவின் பழம்பெருமை பேசப் புகுவோர் உத்தரமேரூரை முதற்கண் எடுத்துக் கூறுவது வழக்கம். அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பெற்ற சாசனங்கள் இரண்டு உள. ஊரை முப்பது குடும்பாகப் பகுத்து, ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சூதறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்து, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றிற்கு ஆள் தெரிந்தெடுத்த முறையை அவை விரித்துரைக்கின்றன. முப்பத்தைந்து வயதுக்குக் குறைந்தவரும் எழுபதுக்கு மேற்பட்டவரும் ஆகார்; இறை செலுத்தும் நிலம் கால் வேலியேனும் வேண்டும்; சொந்த மனையிற் கட்டிய வீடு வேண்டும்; முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் ஆகார். இவ்வாறு நீள்கிறது அந்தப் பட்டியல். ஊரார் ஓர் ஆளைத் தெரிந்தெடுப்பது எப்படி என்பதற்கு இதனினும் நுணுக்கமான விதியை வேறெங்கும் காண்பது அரிது. ஆனால், தெரிந்தெடுக்கப்பெற்றவனை ஒரே சமயத்தில் இரண்டு இடத்தார் அழைத்தால் அவன் எவ்விடம் செல்வது? அதற்குச் சாசனத்தில் ஒரு வரியும் இல்லை. ஏரி வாரியத்திற்கு ஓலை வந்தவன் ஏரிக்குப் போனான், அவ்வளவே.

அத்தகைய இரட்டை அழைப்பினால் இக்கட்டுற்ற ஒருவர், அதே ஜில்லாவில், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் பிறந்தார். அவரே கிரிக்கெட் ஆட்டத்திலும் ஹாக்கி ஆட்டத்திலும் இந்திய நாட்டின் சார்பாக நின்று ஆடிய எம். ஜே. கோபாலன்.

அவர் பிறந்தது 1909-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6-ஆம் நாள். பிறந்த ஊர் மொறப்பாக்கம். ஜில்லா பின்னாளிற் பல கூறாகப் பிரிந்துவிட்டது. அந்நாளில் மொறப்பாக்கமும் உத்தரமேரூரும் ஒரே கலெக்டரின் ஆளுகைக்குட்பட்ட ஊர்களே. ஏரியும் நெல்வயலும் அல்லாது வேறொன்றும் பெரிதாகச் சொல்லுதற்கில்லாத இத்தகைய சிற்றூர்களின் பெயர்கள் உலகத்தார் காதில் விழுவதில்லை. கோபாலனோ தமிழர் வழக்கப்படி ஊர்ப்பெயரின் முதலெழுத்தைத் தம் பெயரின் முன் தாங்கியவர். ஆகையால் கிரிக்கெட் கணக்கு நூல்கள் எங்கெங்கு அச்சாகின்றனவோ அங்கெல்லாம் மொறப்பாக்கமும் ஓர் எழுத்தளவிலேனும் இடம் பெற்றுவிட்டது.

அவர் ஆட்டக்காரராக உருப்பெற்றது சென்னையில், திருவல்லிக்கேணியில். அக்காலச் சென்னைக் கிரிக்கெட்டின் நிலையைச் சிறிது கூறாவிடின் பின்வருவது விளங்காது. சேப்பாக்கம் மைதானம் ஐரோப்பியர் சங்கத்தின் வசம் இருந்தது. இந்தியர் அங்கு விருந்தினராக வந்து ஆடலாம். சங்கத்தில் உறுப்பினராதல் இயலாது. இக்குறையைப் பொறாத புச்சிபாபு நாயுடு என்னும் செல்வர் 1888-ஆம் ஆண்டில் மதராஸ் யுனைடெட் கிளப் என்ற சங்கத்தை நிறுவி, இளைஞர்க்கு மட்டையும் பந்தும் உடையும் அளித்து ஆட்டம் பயிற்றினார். இந்தியரும் ஐரோப்பியரும் எதிரெதிர் அணியாக நின்று ஆடவேண்டும் என்ற அவரது எண்ணம் 1908-இல் ஈடேறவிருந்த தறுவாயில் அவர் காலமானார். எனினும் அந்த ஆட்டம் பின்னர் நிலைபெற்று, ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நிகழ்வதாயிற்று. பொங்கல் என்றால் கரும்பு, மஞ்சள், சேப்பாக்கம் என்று சொல்லும் அளவுக்கு அது பட்டணத்து மக்களின் திருவிழாவாக விளங்கியது.

அவ்வாட்டங்களில் ஐரோப்பியர் அணியின் தூணாக நின்றவர் ஸி. பி. ஜான்ஸ்டன் என்பவர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்கும் கெண்ட் மாகாணத்துக்கும் ஆடியவர். சென்னையில் பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் உத்தியோகம் வகித்தவர். திருவல்லிக்கேணி இளைஞர் ஒருவர் வேகமாகவும் நேராகவும் பந்து வீசுவதை இவர் கண்டார். அவருடைய திறமையை உணர்ந்தார். தம் கம்பெனியிலேயே அவருக்கு ஒரு வேலையும் வாங்கிக் கொடுத்தார். பொங்கல் ஆட்டத்தில் தமக்கு எதிரணியில் நின்று தம் விக்கெட்டையே வீழ்த்தக்கூடியவரைத் தேடிப்பிடித்து வாழ்வளித்த இந்தச் செய்கையை நினைக்குந்தோறும் நமக்கு வியப்பு உண்டாகிறது. 1926-27-ஆம் பருவத்தில் கோபாலன் முதல்தர ஆட்டத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது பதினேழு.

வேலை கிடைத்தது என்பதைச் சிறு செய்தியாக எண்ணலாகாது. விளையாட்டினால் வயிறு நிரம்பாத காலம் அது. மைதானத்திற்குச் செல்ல விடுமுறை அளிக்கும் எஜமானர் ஒருவர் கிடைத்தால் அன்றி, ஏழை இளைஞன் எத்துணைத் திறமை பெற்றிருந்தும் பயனில்லை. அமெரிக்க நாட்டில் இக்காரியத்தைச் சர்வகலாசாலைகள் செய்கின்றன. கூடைப்பந்தாட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1891-இல் ஸ்பிரிங்பீல்டு நகரில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் குளிர்கால உடற்பயிற்சிக்காக வகுத்த விளையாட்டு அது. சென்னையிலும் அதே சங்கத்தின் சார்பில் 1920-ஆம் ஆண்டில் பக் துரை நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரி அதனைப் பரப்புவதில் முன்னின்றது. இன்று அந்நாட்டுப் பள்ளி ஒன்றில் ஓங்கி வளர்ந்து நன்றாக ஆடும் பையன் இருந்தால், பல கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் அவன் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றனர். சம்பளமில்லாப் படிப்பு, உணவு, உறைவிடம் எல்லாம் தருவதாகச் சொல்லுகின்றனர். புத்திசாலியான பையன் கல்லூரியின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் மயங்குவதில்லை. எனக்குரிய இடத்தில் இப்போது ஆடுகிறவன் யார், அவன் எப்போது விலகுவான், அணியை நடத்துகிறவர் எத்தகையவர், நான் சேர்ந்தபின்னும் அவர் அங்கே இருப்பாரா என்றெல்லாம் விசாரித்த பிறகே கையெழுத்திடுகிறான். இந்தக் கேள்விகளை நண்பர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். கோபாலன் வரலாற்றில் இவை மீண்டும் எழும்.

கோபாலன் வீசியது மித வேகத்திற்குச் சற்று மேற்பட்ட பந்து. காற்றில் இருபுறமும் அதனை வளைக்கும் வன்மை அவருக்கு இருந்தது. வெயிலில் நாள் முழுதும் சளையாது வீசுவார். மட்டை பிடிக்கவும் வல்லவர். 1930-இல் விஜயநகரம் மகாராஜகுமாரர் தம் செலவில் ஓர் அணியைத் திரட்டி இந்தியா, இலங்கை முழுவதும் சுற்றிவந்தார். ஹம்பி விஜயநகரமன்று, விசாகப்பட்டணத்தை அடுத்த ஜமீன். இங்கிலாந்தின் தலைசிறந்த மட்டையாளர்களான ஜாக் ஹாப்ஸும் சட்கிளிப்பும் அவ்வணியில் இருந்தனர். சென்னையில் நடந்த ஆட்டத்தில் ஹாப்ஸின் விக்கெட்டைக் கோபாலன் வீழ்த்தினார். இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் உலகப் புகழ்பெற்ற ஹாப்ஸை வீழ்த்திய செய்தி பட்டணமெங்கும் பரவியது. அணியைத் திரட்டிய மகாராஜகுமாரரும் அதைக் கண்ணாரக் கண்டிருத்தல் கூடும். அவர் பெயரும் இவ்வரலாற்றில் மீண்டும் வரும்.

இதற்கிடையே மற்றோர் ஆட்டமும் அவரைப் பற்றிக்கொண்டது. ராபர்ட் சம்மர்ஹேஸ் என்பவரின் ஊக்கத்தால் கோபாலன் ஹாக்கி மட்டையைக் கையிலெடுத்தார். அவருக்கு வாய்த்த இடம் சென்டர் ஹாப். ஹாக்கி அறியாதார்க்கு ஒரு சொல்: முன்வரிசையில் ஐவர் நின்று கோல் அடிக்க முயல்வர், அவர்க்குப் பின்னே மூவர் நிற்பர், அம்மூவரில் நடுநாயகமாய் நிற்பவரே சென்டர் ஹாப். எதிரியின் தாக்குதலை நடுவழியில் தடுப்பதும், பறித்த பந்தைத் தன் முன்வரிசைக்கு ஊட்டுவதும் அவர் கடமை. ஓயாது ஓடவேண்டும். பெயர் மட்டும் கோல் அடித்தவனுக்குப் போய்ச் சேரும்! வேகப்பந்து வீச்சாளருக்கு வேண்டிய மூச்சும் காலும் இந்த இடத்திற்கும் வேண்டும் என்பதை நோக்கின், இரண்டும் ஒருவரிடத்தே பொருந்தியது தற்செயலன்று என்று தோன்றுகிறது.

1934-ஆம் ஆண்டு கோபாலனுக்கு நிறைவும் குறையும் ஒருங்கே தந்தது. ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராக, ஜனவரி மாதம் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் நடந்த டெஸ்ட் ஆட்டத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. ஒரு விக்கெட் எடுத்தார். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அடுத்த டெஸ்ட் பிப்ரவரியில் சேப்பாக்கத்திலேயே நடைபெற்றது. சென்னை கண்ட முதல் டெஸ்ட் அதுவே. ஆனால் தம் சொந்த மைதானத்தில் நடந்த அவ்வாட்டத்தில் கோபாலன் ஆடவில்லை. அவ்வாண்டு நவம்பர் 4-ஆம் நாள், மறைந்த ரஞ்சித்சிங்ஜியின் நினைவாக அமைந்த ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதல் ஆட்டம், சென்னைக்கும் மைசூருக்குமாக, சேப்பாக்கத்திற் றொடங்கியது. முதற் பந்தை வீசியவர் கோபாலன். எதிர்கொண்டவர் மைசூரின் கர்ட்டிஸ். மைசூர் 48 ஓட்டங்களுக்கும் 59 ஓட்டங்களுக்கும் சுருண்டது. சென்னை ஒரே முறை ஆடி எடுத்த 130 ஓட்டங்களே போதுமானதாயிற்று. அன்று மாலைக்குள் ஆட்டம் முடிந்துவிட்டது! பதினொரு விக்கெட்டுகளைச் சாய்த்தவர் ஏ. ஜி. ராம்சிங். அவருக்கு இந்தியாவின் சார்பாக டெஸ்ட் ஆடும் வாய்ப்பு கடைசிவரை கிட்டாமற் போனது தனியே வருந்தற்குரியது.

மறு ஆண்டு, 1935-இல், ஹாக்கி அழைத்தது. தியான்சந்தின் தலைமையில் நியூஸிலாந்துக்குச் சென்ற இந்திய அணியில் கோபாலன் தெரிந்தெடுக்கப்பட்டார். இலங்கை, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய நாடுகளில் அவ்வணி 48 ஆட்டங்கள் ஆடி, ஒன்றிலேனும் தோலாது, 584 கோல்கள் அடித்து மீண்டது. தியான்சந்த் ஒருவரே இருநூறுக்கு மேல் அடித்தார். அடிலெய்டு நகரில் கிரிக்கெட் வீரர் பிராட்மன் இவர்களது ஆட்டத்தைப் பார்த்து, கிரிக்கெட்டில் ஓட்டம் எடுப்பது போலவன்றோ இவர் கோல் அடிக்கிறார் என்று தியான்சந்தை வியந்ததாகக் கூறுவர். இத்தகைய பெருவீரர்க்குப் பின்னே நின்று பந்து ஊட்டும் பணியில் கோபாலன் தம் திறத்தை நிலைநாட்டினார். அடுத்த ஆண்டு பெர்லின் நகரில் நடைபெறவிருந்த ஒலிம்பிக் பந்தயத்திற்குச் செல்லும் அணியில் அவர் இடம் பெறுவது உறுதி என்று ஹாக்கி உலகம் கருதியது.

அப்போதுதான் கிரிக்கெட்டும் அழைத்தது. 1936-ஆம் ஆண்டுக் கோடையில் இந்திய அணி இங்கிலாந்து செல்லவிருந்தது. ஏப்ரலில் கப்பலேறினால் செப்டம்பர் வரை சுற்றுப்பயணம். ஒலிம்பிக் பந்தயமோ ஆகஸ்டில். இரண்டிற்கும் ஒருவரே செல்லுதல் இயலாது. ஒன்றைக் கைவிட்டே தீரவேண்டும்.

தட்டின் ஒருபுறம் வைக்க ஹாக்கிக்கு என்ன இருந்தது? 1928-இலும் 1932-இலும் இந்தியா ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வென்றிருந்தது. 1932-இல் அமெரிக்காவை 24-க்கு 1 என்ற கணக்கில் தோற்கடித்திருந்தது. உலகத்தில் இந்தியருக்கு நிகரில்லை என்று எவரும் ஒப்புக்கொண்ட ஒரே ஆட்டம் அது. ஆனால் பயணச் செலவுக்கே ஹாக்கிச் சங்கத்தார் மாகாணந்தோறும் நன்கொடை திரட்டவேண்டியிருந்தது. மறுபுறம் கிரிக்கெட்: லார்ட்ஸ் மைதானம், ஐந்து மாதப் பயணம், பத்திரிகைகளின் புகழ், ஆளும் இனத்தாரை அவர்தம் மண்ணிலேயே எதிர்த்து நிற்கும் பெருமை. இந்தியா டெஸ்ட் நாடாகி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. கோபாலனுக்கு உத்தியோகம் வாங்கித் தந்ததும், பதினேழு வயதில் அவருக்குப் பெயர் தந்ததும் கிரிக்கெட்டே. ஹாக்கியில் அவர் உச்சியைப் பார்த்து வந்துவிட்டார்; கிரிக்கெட்டில் ஒரே ஒரு டெஸ்ட் ஆடியதோடு நின்றிருந்தார். அடையாததன்மேல் ஆசை மிகுவது மனித இயல்பு. அவர் கிரிக்கெட்டைத் தெரிந்துகொண்டார்.

முடிவு தெரிந்த பின் இதனைப் பிழை என்பது எளிது. அந்நாளில் அவர் நிலையில் இருந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் அவ்வாறே செய்திருப்பர் என்பது நம் கருத்து. ஆயினும் மேலே அமெரிக்கப் பையன் விசாரிப்பதாகச் சொன்ன கேள்விகளை இங்கே பொருத்திப் பார்க்கவேண்டும். கோபாலனுக்குரிய இடத்தில் ஆடியவர் யார்? வேகப்பந்து வீச்சில் முகம்மது நிஸாரும் அமர்சிங்கும் ஏற்கெனவே வேரூன்றி நின்றனர். அமர்சிங் அப்போது இங்கிலாந்திலேயே கோல்ன் என்னும் ஊர்ச் சங்கத்திற்குச் சம்பளத்திற்கு ஆடிக்கொண்டிருந்தார். ஜஹாங்கீர்கான் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தார். கப்பலில் உடன் வராத இவர்களும் டெஸ்ட் வந்தபோது அணியிற் புகுந்தனர். ஆகவே, கப்பலில் ஐந்து மாதத்திற்கென்று ஏறியவர்க்கும் உள்ளே இடம் சுருங்கிற்று. அணியை நடத்தியவர் யார்? முதலில் தலைமை ஏற்பதாயிருந்த பட்டோடி நவாப் உடல்நலக் குறைவால் விலகிவிட்டார். அனுபவமிக்க ஸி. கே. நாயுடு இருக்கவும், செல்வாக்கின் பலத்தால் தலைமை விஜயநகரம் மகாராஜகுமாரரைச் சென்றடைந்தது. ஆட்டத்தின்மேல் அவருக்கிருந்த பற்று உண்மையானதே. அதற்காக அள்ளிக் கொடுத்தவர். ஆனால் ஆடும் திறமை அந்தப் பதவிக்கு ஏற்றதாயில்லை. மூன்று டெஸ்டுகளிலும் சேர்த்து அவர் எடுத்தது 33 ஓட்டங்கள். கால் வேலி நிலம் என்னும் தகுதியை உத்தரமேரூரார் கேட்டனர். இங்கோ ஜமீனே போதுமான தகுதியாயிற்று.

அந்தப் பயணத்தின் கதை வெறுப்பூட்டுவது. சுருங்கச் சொல்லி விடுகிறோம். அணி இரு கட்சியாகப் பிரிந்தது. மிகச் சிறந்த ஆட்டக்காரருள் ஒருவரான லாலா அமர்நாத், முதல் டெஸ்டுக்கு முன்னரே, அடங்கவில்லை என்ற குற்றச்சாட்டின் பேரில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார். லார்ட்ஸில் ஒன்பது விக்கெட் தோல்வி. மான்செஸ்டரில் மெர்ச்செண்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் எடுத்ததால் மானம் பிழைத்தது. ஓவல் மைதானத்தில் மீண்டும் ஒன்பது விக்கெட் தோல்வி. மூன்றிலும் கோபாலனுக்கு இடமில்லை. மற்ற ஆட்டங்களிலும் அவருக்குப் போதிய வாய்ப்புக் கிட்டவில்லை.

அதே பயணத்தில் சென்னையிலிருந்து சென்ற மற்றொருவரின் கதையை இங்கே சொல்லாதிருக்க மனம் வரவில்லை. அவர் ஸி. ராமஸ்வாமி, மேலே சொன்ன புச்சிபாபு நாயுடுவின் புதல்வர். டென்னிஸில் 1922-ஆம் ஆண்டிலேயே டேவிஸ் கோப்பைக்காக இந்தியாவின் சார்பில் ஆடியவர். இவரும் இரு விளையாட்டு வீரரே. ஆனால் இங்கிலாந்து சென்றபோது இவருக்கு வயது நாற்பது. ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றவேண்டிய நெருக்கடி இல்லை. மான்செஸ்டரில் தம் முதல் டெஸ்டை ஆடி 40 ஓட்டங்களும் 60 ஓட்டங்களும் எடுத்தார், ஓவலிலும் ஆடினார். எதிர்பார்ப்பின்றிச் சென்ற நாற்பது வயதினர்க்கு இரண்டு டெஸ்டுகள் வாய்த்தன; தங்கப் பதக்கத்தைத் துறந்து சென்ற இருபத்தேழு வயதினர்க்கு ஒன்றுமில்லை.

ஹாக்கி அணி ஜூன் மாதக் கடைசியில், லார்ட்ஸ் டெஸ்ட் நடந்த நாட்களை ஒட்டி, பம்பாயை விட்டுப் புறப்பட்டது. அதன் நிலையும் தொடக்கத்தில் நன்றாக இருக்கவில்லை. புறப்படுமுன் டில்லியில் ஓர் உள்ளூர் அணியிடம் 4-க்கு 1 என்று தோற்றது. பெர்லின் சென்றதும் ஜெர்மனியரோடு ஆடிய பயிற்சி ஆட்டத்திலும் அதே கணக்கில் தோல்வி. கலங்கிய தியான்சந்த் தாயகத்திற்குத் தந்தி அடிக்கச் செய்ய, தாரா என்ற வீரர் ஆகாய விமானத்தில் வந்து சேர்ந்தார். ஒலிம்பிக் ஆட்டங்களிலோ ஹங்கேரிக்கு 4 கோல், அமெரிக்காவுக்கு 7, ஜப்பானுக்கு 9, பிரான்சுக்கு 10; எதிரிகள் ஒன்றும் அடிக்கவில்லை. இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 14-ஆம் நாள் நிகழ்வதாயிருந்தது. மழையினால் மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று.

ஆகவே 1936-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள், சனிக்கிழமை. லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் அன்று காலை தொடங்கியது. பந்து வீச்சாளர்க்கென்று இருந்த ஓரிடத்தில் பாகா ஜிலானி என்பவர் புதிதாகச் சேர்க்கப்பட்டார். காலையுணவு வேளையில் நாயுடுவை இழித்துரைத்து மகாராஜகுமாரரை மகிழ்வித்தமைக்குப் பரிசாக அவ்விடம் கிடைத்தது என்று அந்நாளில் பேசிக்கொண்டனர். அவருக்கு விக்கெட் ஒன்றும் விழவில்லை. ஹாமண்ட் என்னும் இங்கிலாந்து வீரர் அவ்வாட்டத்தில் 217 ஓட்டங்கள் குவித்தார். அதே நாளில் பெர்லினில், ஜெர்மனியரை 8-க்கு 1 என்ற கணக்கில் வீழ்த்தி இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. பதினோர் ஆண்டு கழித்து இதே ஆகஸ்ட் 15 நம் நாட்டின் விடுதலை நாளாகப் போகிறது என்று அன்று எவர் கண்டார்? பெர்லின் வெற்றிச் செய்தி லண்டன் வந்தபோது கோபாலன் ஆடாத ஆட்டக்காரராக ஓவலில் இருந்த அணியைச் சேர்ந்தவர்.

இழந்ததை மறுமுறை பெறலாம் என்ற ஆறுதலும் அவருக்கு வாய்க்கவில்லை. யுத்தம் வந்தது. 1940-லும் 1944-லும் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெறவில்லை. இந்தியா 1936-க்குப் பின் அடுத்த டெஸ்ட் ஆடியது 1946-இல். அப்போது கோபாலனுக்கு வயது முப்பத்தேழு. அந்தப் பத்தாண்டும் வேகப்பந்து வீச்சாளரின் நல்ல பருவம். இரண்டு கதவுகளும் ஒன்றாகச் சாத்தப்பட்டன.

இத்தனையும் நேர்ந்த பின் ஒருவர் ஆட்டத்தையே வெறுத்து ஒதுங்கியிருந்தால் வியப்பில்லை. கோபாலன் அவ்வாறு செய்யவில்லை. இங்கிலாந்திலிருந்து மீண்டு, மேலும் பதினைந்து ஆண்டுகள் சென்னைக்காகப் பந்து வீசினார். மாகாண அணிக்குத் தலைமையும் தாங்கினார். பொங்கல்தோறும் சேப்பாக்கத்தில் மக்கள் அவரை எதிர்பார்த்துக் கூடினர். 1951-52-ஆம் பருவத்தில் முதல்தர ஆட்டத்திலிருந்து அவர் ஓய்வு பெற்றபோது வயது நாற்பத்திரண்டு. முதல்தர ஆட்டங்களில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் இருநூறை நெருங்கியிருந்தன. டெஸ்டில் வீழ்த்தியது கல்கத்தாவில் எடுத்த அந்த ஒன்றே. பொங்கல் ஆட்டமும் ஏறக்குறைய அதே காலத்தில் நின்றுவிட்டது. ஆடுவதற்கு ஐரோப்பியர் இல்லை.

சென்னையும் இலங்கையும் அவரை மறக்கவில்லை. அவர் முதல்தரக் கிரிக்கெட்டில் கால் நூற்றாண்டு நிறைத்ததைப் போற்றும் வகையில், இவ்விரு நாட்டு அணிகளும் மோதும் கோபாலன் கோப்பை 1953-இல் தொடங்கிற்று. இலங்கை டெஸ்ட் நாடாகத் தகுதி பெறுவதற்கு முன், அந்நாட்டு இளைஞர் பலர் முதல்தர ஆட்டம் பழகியது இக்கோப்பைப் போட்டியிலேதான். கோபாலன் பின்னர் இந்திய அணியைத் தெரிந்தெடுக்கும் குழுவிலும் பணியாற்றினார். தெரிந்தெடுக்கப்படுவதன் இன்பத்தையும் துன்பத்தையும் அவரைப்போல் அறிந்தவர் அக்குழுவில் வேறு எவர் இருந்திருக்க முடியும்!

சேப்பாக்கம் மைதானத்தின் வாயில் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. 2003-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21-ஆம் நாள், தம் தொண்ணூற்று நான்காம் வயதில், சென்னையில் அவர் காலமானார். டெஸ்ட் ஆடியவருள் உயிரோடிருந்த அனைவரினும் மூத்தவராக அப்போது விளங்கியவர், ஒரே ஒரு டெஸ்ட் ஆடிய இந்த மொறப்பாக்கத்துக் கோபாலனே.